கைராசியும் கைகழுவலும்

"அவருக்குக் கைராசி உண்டு!"

இந்த ஒரு சொல் போதும். ஊர் அந்த மருத்துவரின் வாசலில் வரிசை கட்டி நிற்கும். எத்தனை பேருக்கு அறுவை செய்தார், எத்தனை பேர் நலமுடன் வீடு திரும்பினர், எத்தனை பேருக்குத் தைத்த இடம் சீழ் பிடித்தது, வந்த நோய் தீர்ந்தும் வந்த இடத்தில் பிடித்த நோயால் மாண்டவர் எத்தனை பேர் - கேட்பதில்லை. கேட்கவேண்டும் என்று தோன்றுவதுமில்லை. கைராசி! தீர்ந்தது விசாரணை. பிழைத்தால் அவருடைய கைராசி. செத்தால் இவனுடைய தலைவிதி. இராசி மருத்துவருக்கு, விதி நோயாளிக்கு! எவ்வளவு வசதியான பாகப்பிரிவினை, பார்த்தீர்களா?

தோழர்களே! சோதிடன் திண்ணையிலே நாம் வாதாடியிருக்கிறோம். பூனை குறுக்கே போனால் நில்லாமல் நடந்திருக்கிறோம். இராகுகாலத்தில் திருமணம் நடத்தி, அந்தத் தம்பதிகள் பேரன் பேத்தி எடுத்ததையும் பார்த்துவிட்டோம். ஆனால் மருத்துவமனை வாசலுக்கு வந்ததும் என்ன செய்கிறோம்? செருப்பைக் கழற்றி வைக்கும் இடத்திலேயே பகுத்தறிவையும் கழற்றி வைத்துவிட்டுக் கைகட்டி உள்ளே நுழைகிறோம். வெள்ளை அங்கியைக் கண்டதும் வாய் பொத்திக்கொள்கிறது. "தெய்வம் மாதிரி வந்தீங்க டாக்டர்" என்கிறோம். கடவுளே இல்லை என்று மேடையிலே முழங்கியவனும் சொல்கிறான்! பிறரைக் குறை கூறவில்லை; நானும் சொன்னவன்தான்.

ஊரின் பெயர் வேண்டாம். மருத்துவமனையின் பெயரும் வேண்டாம். என் தமக்கைக்குப் பித்தப்பையிலே கல். அறுவை செய்யவேண்டும் என்றனர். அத்தான் பஞ்சாங்கம் பார்த்தார். அமாவாசை கழித்து, அட்டமி நவமி விலக்கி, நாழிகை குறித்துக் கொடுத்தார். மருத்துவரும் மறுப்பேதும் கூறாமல் அந்த நாழிகைக்கே கத்தியை எடுத்தார். கைராசிக்காரர் அல்லவா! ஐந்தாம் நாள் வீடு திரும்பலாம் என்ற சொல் இருந்தது. ஐந்தாம் நாள் காய்ச்சல் வந்தது. ஏழாம் நாள் சீழ். இருபத்து மூன்றாம் நாள்தான் தமக்கை வாசற்படியைக் கண்டாள், பாதி ஆளாக.

காரணம் சொல்ல ஆள் பஞ்சமில்லை. ஏழரைச் சனி என்றார் ஒருவர். கண்ணேறு என்றாள் ஒரு கிழவி. எதிர்ப் படுக்கையில் முதல் நாள் ஒருத்தி இறந்தாளே, அந்தத் தீட்டு என்றது இன்னொரு குரல். தாலி காத்தது கருமாரி என்று முடித்தார்கள். அந்த இருபத்து மூன்று நாளும் அங்கேயே கிடந்த நான் கண்டது வேறு. காலையிலே கட்டுப் பிரிக்க ஒருவர் வருவார். முதற் படுக்கையில் தொடங்குவார். பதினோராம் படுக்கையில் முடிப்பார். இடையிலே கையுறை மாறியதை நான் காணவில்லை. வார்டின் கோடியிலே குழாய் உண்டு. குழாயில் நீர் இல்லை. கட்டிலின் காலடியிலே சானிட்டைசர்ப் புட்டி தொங்கும். புட்டியில் சானிட்டைசர் இல்லை. 2020இல், கொரோனாக் காலத்தில், மளிகைக் கடை வாசலிலே கூட நம் கையை நீட்டச் சொல்லி ஊற்றினார்களே, அந்தத் திரவம்! கருவாட்டுக் கடைக்குத் தேவைப்பட்டது, புண்ணைத் தொடும் கைக்குத் தேவைப்படாமற் போயிற்று.

இரவிலே முப்பத்தெட்டுப் படுக்கைக்கு ஒரே செவிலி. இருபத்திரண்டு வயதிருக்கும். "ஒவ்வொருத்தருக்கும் கை கழுவிட்டுப் போனா, கடைசிப் பெட்டுக்குப் போறப்ப விடிஞ்சிடும் அண்ணா" என்றாள். அவள் சொன்னது சோம்பேறித்தனமன்று, கூட்டல் கழித்தல் கணக்கு.

வீடு திரும்பும் நாளில் கேட்டேன்: "இந்த ஆண்டு இங்கே எத்தனை பேருக்கு அறுவைப் புண் சீழ் வைத்தது?" கேள்வியே விளங்கவில்லை மேலாளருக்கு. "அதெல்லாம் கணக்கு வைக்கிறதில்லை சார்" என்றார். கையிலே தந்த சீட்டைப் பார்த்தேன். நான்கு பக்கம்! ஊசி இத்தனை, பஞ்சு இத்தனை, நூல் இத்தனை, கையுறை இத்தனை இணை - ஆம், கையுறைக்கும் விலை போட்டிருந்தது - ஒன்றுவிடாமல் கணக்கு. பஞ்சுக்குக் கணக்குண்டு. பஞ்சு துடைத்த சீழுக்குக் கணக்கில்லை!

அந்தக் கணக்கைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. எண்ணத் தொடங்கினால் என்ன நிகழும், எண்ணியவனுக்கு என்ன நேரும் என்பதை வியன்னா நகரத்து மருத்துவமனை ஒன்று, ஏறத்தாழ நூற்றெண்பது ஆண்டுகளுக்கு முன்பே காட்டிவிட்டது.

வியன்னாப் பொது மருத்துவமனை. ஐரோப்பாவின் புகழ்பெற்ற மருத்துவக் கூடம். அங்கே பிரசவப் பிரிவுகள் இரண்டு. முதற் பிரிவில் மருத்துவர்களும் மருத்துவ மாணவர்களும் பிரசவம் பார்த்தனர். இரண்டாம் பிரிவில் மருத்துவச்சிகளும் அவர்களிடம் பயிலும் பெண்களும். ஒரு நாள் வரும் கர்ப்பிணிகள் இந்தப் பிரிவுக்கு, மறுநாள் வருவோர் அந்தப் பிரிவுக்கு என்று முறைவைத்துச் சேர்த்தனர். ஏழைப் பெண்கள்; மணமாகாத தாய்மார் பலர்; போக்கிடம் அற்றவர்கள். 1846ஆம் ஆண்டு முதற் பிரிவில் 4010 பிரசவம். மாண்ட தாய்மார் 459. நூற்றுக்குப் பதினொருவருக்கு மேல்! இரண்டாம் பிரிவில் 3754 பிரசவம், மாண்டவர் 105. நூற்றுக்கு மூவர் கூட இல்லை. படித்த பண்டிதர்கள் பார்த்த இடத்தில் நான்கு மடங்கு பிணம். மருத்துவச்சிகள் பார்த்த இடத்தில் அதில் கால்பங்கு! வியன்னாவின் ஏழைப் பெண்களுக்கு இது தெரிந்திருந்தது. முதற் பிரிவிலே சேர்க்காதீர்கள் என்று மண்டியிட்டுக் கெஞ்சினர். தெருவிலே பெற்றுவிட்டுப் பிள்ளையோடு வந்து சேர்ந்த பெண்கள் கூட அங்கே படுத்துப் பெற்றவர்களை விடக் குறைவாகவே மாண்டனர். பிரசவக் காய்ச்சல் என்று ஏட்டிலே எழுதினர். நம் பாட்டிமார் ஜன்னி என்பார்களே, அது.

பண்டிதர்கள் என்ன காரணம் கூறினர்? சிரிக்காதீர்கள்: விண்ணும் மண்ணும் காற்றும் கூடிச் செய்யும் கேடு என்றனர்! நம் அத்தான் பஞ்சாங்கத்திலே கண்டதை அவர்கள் லத்தீன் மொழியிலே கண்டார்கள், வேறுபாடு அவ்வளவே.

1846இல் அந்த முதற் பிரிவுக்கு உதவி மருத்துவராக வந்தார் இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற ஹங்கேரி நாட்டு இளைஞர். வயது இருபத்தெட்டு. அவர் கேட்ட கேள்வி நம்மவர் கேள்வி: விண்ணிலிருந்து வரும் கேடு, ஒரே கட்டடத்தில், ஒரே கூரையின் கீழ், ஒரு பிரிவைத் தாக்கி அடுத்த பிரிவை விட்டுவிடுவது எங்ஙனம்? வானத்துக்கு வார்டு எண் தெரியுமோ?

ஒவ்வொரு காரணமாக எடுத்தார், உரைத்துப் பார்த்தார். கூட்டம் மிகுதி என்றனர். இரண்டாம் பிரிவிலும் கூட்டந்தான். படுக்கும் முறை வேறு என்றனர்; முதற் பிரிவிலும் ஒருக்களித்துப் படுக்கச் செய்தார்; சாவு குறையவில்லை. இன்னொன்று சொன்னார்கள், அதுதான் சுவையானது. இறக்கும் பெண்ணுக்கு இறுதிச் சடங்கு செய்யப் பாதிரியார் வருவார். முன்னே ஒருவன் மணி அடித்துக்கொண்டு வருவான். நோயாளிகள் கிடக்கும் அறையை அடைய அவர்கள் முதற் பிரிவின் ஐந்து வார்டுகளைக் கடக்கவேண்டும். அந்த மணியோசை கேட்ட அச்சமே காய்ச்சலாகிறது என்றனர். செம்மல்வைஸ் பாதிரியாரை மணியின்றிச் சுற்றுவழியிலே வரச் செய்தார். மணி ஓய்ந்தது, மரணம் ஓயவில்லை. பாதிரியார் மீது அவருக்குப் பகையும் இல்லை, பக்தியும் இல்லை. மணியைக் கூட ஒரு காரணமாக எடுத்து, சோதித்து, ஒதுக்கினார். பகுத்தறிவு என்பது இதுதானே! இல்லை என்று கூவுவது எளிது. சோதித்துப் பார்த்து இல்லை என்பதற்குப் பொறுமை வேண்டும். நம்மில் பலருக்கு முன்னதுதான் வாய்த்திருக்கிறது.

1847 மார்ச்சில் விடை வந்தது, ஒரு நண்பனின் சாவு வடிவத்திலே. கொலெச்கா என்ற பேராசிரியர் பிண ஆய்வு நடத்தும்போது மாணவனின் கத்தி விரலிலே குத்திற்று. காய்ச்சல் கண்டு மாண்டார். அவர் உடலை அறுத்துப் பார்த்தபோது கண்ட மாறுதல்களும், மாண்ட தாய்மார் உடலிலே கண்ட மாறுதல்களும் ஒன்றாகவே இருந்தன. செம்மல்வைஸுக்குப் பொறி தட்டிற்று. மாணவர்கள் காலையிலே எங்கே இருக்கிறார்கள்? பிணவறையில். அங்கிருந்து எங்கே வருகிறார்கள்? பிரசவ வார்டுக்கு. எந்தக் கையோடு? அதே கையோடு! மருத்துவச்சிகள் பிணம் அறுப்பதில்லை. கணக்கு நேராயிற்று.

மே மாதத்தின் நடுவில் வாசலிலே ஒரு தொட்டி வைத்தார். பின்னாளில் அதில் இட்டது நாம் கிணற்றிலே போடும் பிளீச்சிங் பவுடர் வகைதான். கையைக் கழுவாமல் எவரும் பெண்ணைத் தொடக்கூடாது என்றார். ஏப்ரலில் நூற்றுக்குப் பதினெட்டுப் பேர் மாண்ட அந்தப் பிரிவில், சூலையில் மாண்டவர் நூற்றுக்கு ஒருவர் அளவே. 1848ஆம் ஆண்டு முழுவதிலும் 3556 பிரசவத்தில் 45 சாவு. மருத்துவச்சிகளின் பிரிவும் மருத்துவர்களின் பிரிவும் சமமாயின. நுண்கிருமி என்ற ஒன்றை எவரும் ஏற்காத காலம் அது; பிரசவக் காய்ச்சலின் கிருமியைப் பாஸ்டர் காட்டியது 1879இல்தான். கருவி இல்லை, கொள்கை இல்லை. கையில் இருந்ததெல்லாம் இரண்டு வார்டுகளின் பதிவேடு. அந்தப் பதிவேடு மட்டும் இல்லாதிருந்தால், கொலெச்காவின் சாவும் இன்னொரு தலைவிதியாகவே போயிருக்கும்.

பரிசு கிடைத்ததா அந்த இளைஞனுக்கு? 1849இல் பதவியை நீட்டிக்கவில்லை. அடுத்த ஆண்டு நகரத்தை விட்டே போனார். அவர் பக்கமும் குறையுண்டு: கண்டதை உடனே எழுதி வெளியிடவில்லை, 1861இல்தான் நூல் வந்தது, மறுத்தவர்களைக் கொலைகாரர் என்றே ஏசினார். 1865இல் மனநோயாளர் விடுதியில் அடைக்கப்பட்டு, உடலில் பட்ட புண் சீழ்பிடித்து, நஞ்சு குருதியிலே கலந்து, நாற்பத்தேழு வயதில் மாண்டார். எந்த நஞ்சைத் தடுக்கப் போராடினாரோ, அதே வகை நஞ்சு.

மறுத்தவர்களின் மனத்தையும் சற்றே பாருங்கள். அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்துப் பேராசிரியர் சார்லஸ் மெய்க்ஸ், மருத்துவன் கையால் பிரசவக் காய்ச்சல் பரவும் என்பதை ஏற்க மறுத்தவர். தமக்குத் தெளிவாக விளங்காத ஒரு தொற்றைக் காரணம் காட்டுவதைவிடத் தற்செயல் என்றோ இறைவன் செயல் என்றோ கொள்வதே மேல் என்று 1854இல் எழுதினார்! எவ்வளவு பெரிய புலமை. முடிவிலே போய் ஒளிந்த இடம் எது? இறைவன் செயல். தன் கை அழுக்கு என்று ஒப்புக்கொள்ள மனமில்லாதவனுக்கு ஆண்டவன் எவ்வளவு உதவியாக இருக்கிறான்! கை கழுவ மறுத்தவர்கள் பழியைக் கைகழுவினார்கள்.

பழைய கதை என்பீர்கள். கிருமியைக் கண்டோம், பென்சிலின் கண்டோம், இதயத்தையே மாற்றிவைக்கிறோம் என்பீர்கள். 1914இல், உலகப் புகழ் பெற்ற பாஸ்டன் மருத்துவமனையிலிருந்து எர்னஸ்ட் காட்மன் என்ற அறுவை மருத்துவர் வெளியேறினார். ஏன்? ஒவ்வொரு நோயாளிக்கும் ஓர் அட்டை வையுங்கள், ஓராண்டு கழித்து அவன் எப்படி இருக்கிறான் என்று எழுதுங்கள், கெட்டுப்போனால் ஏன் கெட்டது என்று எழுதுங்கள், முதுமைக்கும் பரம்பரைக்கும் பதவி தராதீர்கள், பலன் பார்த்துத் தாருங்கள் என்றார். இதுதான் குற்றம்! தாமே நடத்திய சிறு மருத்துவமனையில் 1911 முதல் 1916 வரை 337 நோயாளிகளைக் கவனித்தார். தவறுகள் 123 என்று தாமே எண்ணி, தாமே கைப்பணம் போட்டு அச்சிட்டு வெளியிட்டார். நம் ஊரில் எந்தக் கைராசிக்காரரேனும் தம் தவறு இத்தனை என்று ஒரு துண்டுச்சீட்டு அச்சிட்டதுண்டா?

அமெரிக்க மருத்துவக் கழகம் ஒன்று 1999இல் எண்ணிப் பார்த்து, அந்நாட்டு மருத்துவமனைகளில் தவிர்க்கக்கூடிய தவறுகளால் ஆண்டுதோறும் மாள்வோர் 44,000 முதல் 98,000 வரை இருக்கும் என்றது. செல்வம் கொழிக்கும் நாட்டில்! அங்கே பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் 2001இல் பீட்டர் புரோனோவோஸ்ட் என்ற மருத்துவர் ஒரு சிறு காரியம் செய்தார். தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடக்கும் நோயாளிக்குக் கழுத்தருகே பெரிய இரத்தக் குழாயிலே ஒரு குழாய் செலுத்துவார்கள். அதன் வழியே கிருமி ஏறினால் நேரே குருதிக்குப் போகும். அதைத் தடுக்க வழி தெரியாமலில்லை: கை கழுவு, தோலை மருந்திட்டுத் துடை, முகமூடியும் துப்புரவான அங்கியும் அணிந்து நோயாளியை முழுக்கப் போர்த்து, கூடுமானவரை தொடையிடுக்கில் செலுத்தாதே, தேவை முடிந்ததும் பிடுங்கு. ஐந்தே அடி. எந்த மாணவனும் ஒப்பிப்பான். செவிலியரிடம், ஒரு மாதம் சும்மா பார்த்து எழுதுங்கள் என்றார். மூன்று நோயாளிகளில் ஒருவருக்கு மேல், மருத்துவர்கள் ஐந்தில் ஒன்றையேனும் விட்டிருந்தனர்! தெரியாமையன்று, மறதி, அவசரம், என்னை யார் கேட்பார் என்ற நினைப்பு.

அடுத்து அவர் செய்ததுதான் புரட்சி. ஓர் அடி விட்டால் மருத்துவரைத் தடுத்து நிறுத்தச் செவிலிக்கு அதிகாரம் கொடுத்தார். எண்ணிப் பாருங்கள்! நம் ஊரில் பேராசிரியர் வார்டுக்குள் நுழைந்தால் பின்னே பத்துப் பேர் தலைகுனிந்து வருவர். செவிலி ஓரமாக ஒதுங்கி நிற்பாள். அந்தச் செவிலி, "ஐயா, கை கழுவவில்லை, நிறுத்துங்கள்" என்றால்? வானம் இடிந்து விழும் என்பீர்கள். மிச்சிகன் மாநிலத்தில் விழவில்லை. அங்கே 103 தீவிர சிகிச்சைப் பிரிவுகள் இம்முறையைக் கைக்கொண்டு, மாதந்தோறும் கணக்கெடுத்தன. குழாய் இருந்த 1000 நாட்களுக்கு 7.7 என்றிருந்த குருதித் தொற்றின் சராசரி, பதினெட்டு மாதத்துக்குள் 1.4க்கு இறங்கிற்று. 2006இல் அச்சேறிய முடிவு இது. புது மருந்து இல்லை. புது எந்திரம் இல்லை. சோப்பு இருந்தது, பட்டியல் இருந்தது, தடுக்கும் வாய்க்கு உரிமை இருந்தது. மேல் கீழ் என்ற படிக்கட்டை நாம் எங்கெல்லாமோ தேடி எதிர்த்தோமே, நோயாளியின் கட்டிலருகிலே அது கொல்லும் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

இங்கே ஓர் எச்சரிக்கை; நம்மவருக்கே சொல்லவேண்டியது. உலக நலவாழ்வு நிறுவனம் அறுவைக்கென ஒரு சரிபார்ப்புப் பட்டியல் செய்தது. டில்லி, மணிலா, அம்மான், தான்சானியாவின் இபகாரா, இலண்டன் உள்ளிட்ட எட்டு நகரங்களில் எட்டு மருத்துவமனைகள் அதைப் பயன்படுத்தின. சாவு நூற்றுக்கு 1.5லிருந்து 0.8 ஆயிற்று என்று 2009இல் அறிவித்தனர். உலகமே பட்டியலைத் தூக்கிக் கொண்டாடிற்று. கனடாவின் ஒண்டாரியோ மாநிலம் எல்லா மருத்துவமனைக்கும் அதைக் கட்டாயமாக்கிற்று. 101 மருத்துவமனைகளின் கணக்கு 2014இல் வந்தது: சாவு குறைந்தது என்று சொல்லத்தக்க மாறுதல் இல்லை! தாளில் குறியிட்டுவிட்டோம் என்று எல்லா மருத்துவமனையும் சொல்லின. குறியிடுவது வேறு, செய்வது வேறு. ஆணை வந்தால் தாள் நிரம்பும். அர்ச்சகர் மந்திரம் சொல்வதுபோல் பட்டியலை முணுமுணுத்துக் கையெழுத்திட்டால், அதுவும் ஒரு சடங்கு. எலுமிச்சம்பழத்தை அறுவை அறையின் வாசலிலே நறுக்கி வைப்பதற்கும், செய்யாததைச் செய்ததாகக் குறியிடுவதற்கும் என்ன வேறுபாடு? எலுமிச்சையாவது மணக்கும்.

ஆகவே தாள் வேண்டும் என்பதோடு நில்லாதீர்கள்; ஆள் வேண்டும் என்று கேளுங்கள். முப்பத்தெட்டுப் படுக்கைக்கு ஒரு செவிலி என்றேனே! அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்து 2002இல் வெளியிட்டனர்: ஒரு செவிலியின் பொறுப்பில் நோயாளி ஒருவர் கூடினால், அறுவை நோயாளி முப்பது நாளில் மாளும் வாய்ப்பு நூற்றுக்கு ஏழு பங்கு கூடுகிறது. அந்த ஆய்வு ஒரு செவிலிக்கு நான்கு நோயாளி, எட்டு நோயாளி என்று ஒப்பிட்டது. முப்பத்தெட்டு என்ற எண் அவர்கள் ஏட்டிலேயே இல்லை! கலிபோர்னியா மாநிலம் 1999இல் சட்டம் செய்து, 2004 முதல் ஒரு செவிலிக்கு இத்தனை நோயாளிக்கு மேல் ஆகாது என்று வரம்பு கட்டிற்று. இங்கே சலவைக்கல் தரையும் கண்ணாடி முகப்பும் போட்டு மாளிகை எழுப்புகிறார்கள். செவிலிக்குக் கொடுக்கும் ஊதியத்தைக் கேட்டால் முகப்பிலே பூச்செடிக்கு நீர் ஊற்றுபவன் நகைப்பான்.

"இங்கே முடியாது" என்பர் சிலர். முடிந்ததை அருகிலேயே காட்டலாம். தாய்மார் சாவைத் தமிழ்நாடு எண்ணத் தொடங்கிற்று. எங்கே மாண்டாள், ஊர்தி ஏன் தாமதித்தது, குருதி ஏன் கிடைக்கவில்லை, யார் பார்த்தார் என்று ஒவ்வொரு சாவையும் ஆராயவேண்டும் என்பது 2004இல் கட்டாயமாயிற்று. மூன்று செவிலியரை அமர்த்தி இரவுபகல் இயங்கும் ஆரம்ப சுகாதார நிலையங்கள் வந்தன. ஓர் இலட்சம் பிரசவத்துக்கு 2001-03இல் 134 என்றிருந்த தாய்ச்சாவு, 2018-20இல் 54. அதே காலத்தில் இந்தியா முழுமைக்கும் 301லிருந்து 97. கணக்கு மட்டுமே சாதித்தது என்று நான் கூறவில்லை. சாலை, படிப்பு, குருதி வங்கி எல்லாம் சேர்ந்தது. ஆனால் எங்கே ஓட்டை என்று காட்டியது அந்த விசாரணை. தாய் மாண்டால் விசாரிக்கிறோம். பித்தப்பை அறுத்துக்கொண்ட தமக்கை மாண்டால் மட்டும் ஏன் தேங்காய் உடைக்கிறோம்?

மருத்துவர் தரப்பில் ஒரு நியாயமான அச்சம் உண்டு. அதை மறைப்பது நேர்மையன்று. சாவுக் கணக்கை வெளியிட்டால், பிழைக்க மாட்டான் என்று தோன்றும் நோயாளியை எவரும் தொடமாட்டார்கள் என்கின்றனர். நியூயார்க் மாநிலம் இதய அறுவையில் 1989 முதல் கணக்கெடுத்து, மருத்துவமனைவாரியாக வெளியிட்டது. நோயாளியின் வயது, நோயின் கடுமை எல்லாவற்றையும் கருதிக் கழித்துக் கணக்கிட்டனர். சாவு நூற்றுக்கு 4.17லிருந்து 1992இல் 2.45 ஆயிற்று. கடும் நோயாளிகளைச் சிலர் தவிர்த்தனர் என்ற குற்றச்சாட்டும் உடன் எழுந்தது. அதைப் பற்றிய வழக்கு இன்னும் அறிஞரிடையே ஓயவில்லை. ஓயாதிருக்கட்டும். எண்களை வைத்துக்கொண்டு சண்டையிடுகிறார்களே, அது நாகரிகம். நாம் எண்களே இல்லாமல் ஒரு நாள் மாலை போடுகிறோம், மறுநாள் கண்ணாடியை உடைக்கிறோம். நோயாளி பிழைத்தால் தெய்வம் என்று காலில் விழுந்தவன், செத்தால் அதே மருத்துவரின் சட்டையைப் பிடிக்கிறான்; அகப்பட்ட செவிலியை அடிக்கிறான். வணங்கியதும் தவறு, அடித்ததும் தவறு. தெய்வமாக்கியவன்தான் பேயாகவும் ஆக்குகிறான். மனிதன் என்று கொண்டிருந்தால், "இது எங்கே பிசகிற்று?" என்று உட்கார்ந்து கேட்டிருப்பான், மருத்துவரும் அஞ்சாமல் விடை சொல்லியிருப்பார்.

தனியார் மருத்துவமனை தன் கணக்கை எனக்கு ஏன் காட்டவேண்டும் என்று கேட்கலாம். 2009 முதல் அரசின் காப்பீட்டுத் திட்டங்கள் வழியே மக்கள் பணம் தனியார் மருத்துவமனைக்கும் போகிறது. ஊசிக்கும் பஞ்சுக்கும் கணக்குக் காட்டிப் பணம் பெறும்போது, சீழுக்கும் சாவுக்கும் கணக்குக் காட்டு என்று அரசு கேட்கவேண்டும். கேட்கும்படி நாம் அரசைக் கேட்கவேண்டும்.

அரசு மருத்துவமனையோ நம்முடையது. அதற்கு மாநாடு கூட்டவேண்டியதில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 இருக்கிறது. பத்து ரூபாய்க் கட்டணம். முப்பது நாளில் விடை தரவேண்டும். படிப்பகத்துத் தோழர்கள் இந்த வாரமே, ஆளுக்கொரு மருத்துவமனையாகப் பங்கிட்டுக்கொண்டு எழுதலாம்: சென்ற ஆண்டு எத்தனை அறுவை? எத்தனை பேருக்கு அறுவைப் புண் சீழ் பிடித்தது? தீவிர சிகிச்சைப் பிரிவில் குழாய்வழித் தொற்று எத்தனை? இரவு முறையில் எத்தனை படுக்கைக்கு எத்தனை செவிலியர்? கை கழுவும் குழாய்கள் எத்தனை, அவற்றில் நீர் வருவன எத்தனை? கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். "கணக்குப் பராமரிக்கப்படவில்லை" என்று விடை வரும் பல இடங்களிலிருந்து. அந்தத் தாளையும் பத்திரப்படுத்தி, மருத்துவமனையின் பெயரோடும் தேதியோடும் படிப்பகத்துப் பலகையிலே ஒட்டுங்கள். அடுத்த ஆண்டும் அதே கேள்வியை அதே முகவரிக்கு அனுப்புங்கள்.